உள்ளே மட்டும் செல்லும் காசு

திங்கட்கிழமை
கடையிலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நாளைத் தள்ளுகிறோம். பெரிய குறை ஒன்றுமில்லை. அங்கே நீ, அத்தான், நம் பெண் மூவரும் சுகமாக இருக்க வேண்டும். உறையைப் பார்த்ததும், இந்தக் காலத்தில் யார் காகிதத்தில் எழுதுகிறார்கள் என்று சிரித்திருப்பாய். போனில் கூப்பிட்டால் அடுப்பில் ஏதோ கொதிக்கிறது என்று வைத்துவிடுகிறாய். காகிதத்துக்கு அந்த அவசரம் கிடையாது.

பெண்ணுக்கு வந்திருக்கும் சம்பந்தம் நல்ல இடமாகத்தான் தெரிகிறது. மாப்பிள்ளை வீட்டார் குடும்பத்தைப் பற்றித் துருவித் துருவிக் கேட்கிறார்கள் என்று அலுத்துக்கொண்டாய். கேட்கட்டுமே. நம்மிடம் ஒளிக்க என்ன இருக்கிறது? ரொட்டிக்கடைக்காரர் பேத்தி. பாட்டி காய்ச்சலில் சின்ன வயதிலேயே போய்விட்டாள். சித்தி கல்யாணம் செய்துகொள்ளவில்லை, மூக்குக் கண்ணாடிக் கடையில் நல்ல வேலையில் இருக்கிறாள், கொஞ்சம் வாய் நீளம். நம் சரித்திரம் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும்.

அப்பாவுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. மறதிதான் வாரத்துக்கு வாரம் ஒரு படி இறங்குகிறது. ரொட்டிக்கடையை விற்று எட்டு வருடம் ஆகியும், விடிவதற்குள் எழுந்து தலையணையை மடியில் வைத்துப் பிசைகிறார். "மாவு இன்னும் எழும்பல"ன்னு முணுமுணுக்கிறார். குளியலறைக்குப் போகும் வழி மறந்துவிடுகிறது. ஆனால் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் யாரும் சொல்லாமலே தெரிந்துவிடுகிறது. வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஷூ மாட்டி, வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, "பஸ் வந்துடுச்சா, பஸ் வந்துடுச்சா"ன்னு கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்தக் காலத்தில் முதல் ஞாயிறு தோறும் மாவு மில்லுக்குப் போவாரே, அந்த ஞாபகம் என்று விட்டுவிடுகிறேன். மதியம் வரை உட்கார்ந்துவிட்டு, பஸ் வரவில்லை என்று சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிடுவார்.

இந்த முறை அந்தச் சட்டையைத் துவைக்கப் போடும்போது பையில் கிடந்த சில்லறையை எடுத்து என் பர்ஸில் போட்டுக்கொண்டேன். மறுநாள் பஸ்ஸில் டிக்கெட்டுக்கு எண்ணிக் கொடுத்தால், கண்டக்டர் ஒரு காசை மட்டும் திருப்பி நீட்டினார். "என்னம்மா இது, பிள்ளைங்க விளையாட்டுக் காசா?" என்றார். பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது.

கடைக்கு வந்து, லென்ஸில் கீறல் பார்ப்பதற்கு வைத்திருக்கும் உருப்பெருக்கியைக் கண்ணில் சொருகிக்கொண்டு பார்த்தேன். அளவில் நம் சின்னக் காசு போலத்தான் இருக்கிறது. பித்தளை. ஒரு பக்கம் ஐந்து என்ற எண். மறு பக்கம் ஒரு விளக்கு, அதைச் சுற்றி மூன்றே எழுத்து, கீழே ஆண்டு. ராஜா தலையோ கொடியோ அரசு முத்திரையோ ஒன்றும் இல்லை. விளிம்பு வழவழவென்று இருக்கிறது. வெகுநாள் யாரோ ஒருவர் விரல்களுக்கு நடுவே உருண்ட வழவழப்பு. விளக்கின் சுடர் பாதி தேய்ந்துவிட்டது. சொன்னால் சிரிப்பாய், கையில் வைத்திருந்தபோது காசு சீக்கிரம் சூடாகிவிட்டது போல் இருந்தது. பித்தளை அப்படித்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

நம் கடைக் கல்லாவில் இப்படிக் காசு எப்போதாவது பார்த்திருக்கிறாயா? கல்லாவில் உட்கார்ந்ததெல்லாம் நீதானே. எனக்கு ஒரு வாடிக்கைக்காரர் இருக்கிறார், பழைய நாணயமும் தபால்தலையும் விற்பவர். வருடத்துக்கு மூன்று முறை கண்ணாடிக் காலை உடைத்துக்கொண்டு வந்து நிற்பார். அவரிடம் காட்டப்போகிறேன். லட்ச ரூபாய் பெறும் என்று சொன்னால் பாதி உனக்கு, கல்யாணச் செலவுக்கு ஆகும்.

பதில் எழுது. பெண்ணை நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் தங்கை,
வாலு


வியாழக்கிழமை
வீட்டிலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதுவது. நீ போனில் கூப்பிட்டு மூன்று வாரம் ஆகிறது. பேசியது ஒரு நிமிடம் இருக்காது. "அந்தக் காசைத் தூக்கிக் குப்பையில போடு. செல்லாத காசை வச்சுக்கிட்டு ஆராய்ச்சி பண்ணாதே" என்று சொல்லி வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் எடுக்கவில்லை. கல்யாண வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்தக் காசில் இருக்கும் மூன்று எழுத்து என்ன என்று நீ கேட்கவே இல்லை, அக்கா. யாராக இருந்தாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

நாணயக்காரரிடம் கொடுத்தேன். அவர் அதை மரப்பலகையில் போட்டுச் சத்தம் கேட்டார். தங்கம் நிறுக்கும் தராசில் நிறுத்தார். வாயால் ஊதித் துடைத்து, மெல்லிய காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்தார். தடித் தடியாக நாலு புத்தகம் புரட்டினார். எந்த நாட்டுப் பட்டியலிலும் இல்லை. "காசுக்குத் தாய் தகப்பன் இருக்கணும்மா. இது அனாதையா நிக்குது" என்று சிரித்தார். வேறொரு ஊரில் வயதான சேகரிப்பாளர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு அச்சை அனுப்பிக் கேட்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்து அவரே கடைக்கு வந்தார். கண்ணாடி உடையவில்லை. காசை ஒரு தாளில் பொட்டலமாக மடித்துக் கொண்டுவந்திருந்தார். என் கையில் கொடுக்காமல் கவுண்டர்மேல் வைத்துத் தாளை விரலால் தள்ளினார். போன முறை வாய்க்குப் பக்கத்தில் வைத்து ஊதிய மனிதர். நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு அவருக்கு வெட்கமாகிவிட்டது. "பயப்படாதீங்கம்மா, காசுல ஒண்ணும் ஒட்டாது. எனக்கே தெரியும். இருந்தாலும் கை கேக்க மாட்டேங்குது" என்றார்.

பிறகு சொன்னார். அது அரசாங்கம் வெளியே விட்ட காசு இல்லையாம். தொழுநோய் வந்தவர்களை மதில் கட்டி அடைத்து வைத்திருந்த ஆஸ்பத்திரிக்காகத் தனியாக அடித்ததாம். அந்த மூன்று எழுத்து ஆஸ்பத்திரிப் பெயரின் சுருக்கமாக இருக்கலாம், எந்த ஊர் என்று அவருக்கும் தெரியவில்லை. உள்ளே கடை உண்டு, வேலை உண்டு, வேலைக்குக் கூலி உண்டு, கூலி இந்தக் காசில். பார்க்க வருகிறவர்கள் வாசலில் நல்ல காசைக் கொடுத்து இதை மாற்றிக்கொண்டு உள்ளே போக வேண்டும், வரும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். "வெளியில செல்லாத காசுன்னா யாரும் ஓடிப்போக மாட்டாங்கன்னு கணக்கு. பஸ்ஸுக்குக் கொடுத்தா கண்டக்டர் இறக்கி விட்டுருவான்ல" என்றார். என்னையும் ஒரு கண்டக்டர் பார்த்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. எங்கே கிடைத்தது என்று கேட்டார். சில்லறையோடு வந்தது என்றேன்.

அவர் போன பிறகு ஆண்டைத் திரும்பப் பார்த்தேன். அம்மா காய்ச்சலில் போய்விட்டாள் என்று நமக்குச் சொன்னபோது எனக்கு நாலு வயது, உனக்குப் பன்னிரண்டு. காசில் உள்ள ஆண்டில் எனக்கு ஒன்பது வயது. ஆஸ்பத்திரியிலேயே எல்லாம் முடித்துவிட்டார்கள், நாம் பார்க்கவில்லை. போட்டோ ஈரத்தில் அழிந்துவிட்டது என்றார் அப்பா, ஒன்றுகூட மிஞ்சவில்லை. நான் இதையெல்லாம் இத்தனை வருடம் சேர்த்து வைத்துப் பார்த்ததே இல்லை. சேர்த்துப் பார்க்கத் தோன்றாதபடி நம்மை வளர்த்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் அவர் அலமாரியைத் திறந்தேன். தப்புதான். மடித்து வைத்த பழைய ஏப்ரனுக்குக் கீழே ஒரு ஈஸ்ட் டப்பா. மூடியைத் திறந்து கட்டிலில் கொட்டினேன். அத்தனையும் அதே காசு. அதே விளக்கு.

சத்தம் கேட்டு அப்பா முன்னறையிலிருந்து ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்துப் பல வருடம் ஆகிறது. கதவைச் சாத்தித் தாழ் போட்டார். "மெதுவா, மெதுவா. கடையில ஆள் நிக்கறாங்க. காதுல விழுந்தா நாளைக்கு ஒரு ரொட்டி போகாது" என்று கிசுகிசுத்தார். கடை இல்லை, ஆள் இல்லை, அங்கே இப்போது செல்போன் விற்கிறார்கள். ஆனால் அக்கா, அவர் முகத்தில் இருந்த பயம் இன்றைய பயம். அந்தப் பயத்துக்கு மட்டும் மறதி வரவில்லை.

நானும் கிசுகிசுவென்றே கேட்டேன், இது யார் கொடுத்தது என்று. "அவதான்" என்றார். தையல் தைத்துச் சம்பாதித்தாளாம். ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது கையில் வைத்து அமுக்குவாளாம், பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுங்கள் என்று. வெளியே செல்லாது என்று அவளுக்குத் தெரியாதா என்று கேட்டேன். "அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதுக்காக, ஆசையா கொடுக்கறப்ப வேணாம்னு சொல்லிட்டு வர முடியுமா?" என்றார். வாசலில் சோதனை போடுவார்களாம். ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு நடந்து வருவாராம். உன் மஞ்சள் குடை, என் ஜியாமெட்ரி பெட்டி, எனக்கு அம்மை போட்டபோது வந்த அந்தப் பொம்மை, எல்லாம் அந்தக் காசுக்கு ஈடாக வாங்கியதுதான் என்று ஒவ்வொன்றாக விரல் விட்டுச் சொன்னார். ஒன்றுகூட மறக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "நீங்க யாரு, ரொட்டி வாங்க வந்தீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

அன்றிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கண்ணாடிக் கடையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் முகம் பார்க்கும் கண்ணாடிதான். நாலா பக்கமும் என் மூக்கு, என் நெற்றி. இதில் எது அவளுடையது என்று தேடிக்கொண்டு நிற்கிறேன். நேற்று ஒரு வயதான அம்மாள் ஃப்ரேம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவருக்குப் பின்னால் தெரிந்த என் முகம் ஒரு நொடி என்னுடையதாக இல்லை. கையிலிருந்த லென்ஸின் மூலையை உடைத்துவிட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் இது இரண்டாவது. முதலாளி, வீட்டுக்குப் போய்த் தூங்கு என்றார்.

ஒரே ஒரு கேள்வி. உனக்குத் தெரியுமா? தெரியாது என்று ஒரு வரி எழுதிப் போடு, போதும். நம்பிவிடுகிறேன்.

உன்னையே நினைத்திருக்கும்,
வாலு


செவ்வாய்க்கிழமை
வீட்டிலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து வரி வரவில்லை. இனி வர வேண்டாம். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், அதைத்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து படி. அத்தான் இல்லாத நேரமாகப் பார்த்துப் படி.

முதல் ஞாயிறு வந்தது. அப்பா வழக்கம்போல வெள்ளைச் சட்டை போட்டு வாசலில் உட்கார்ந்து, பஸ் வந்துவிட்டதா என்று கேட்டார். வந்துவிட்டது, வாங்க என்று நானும் செருப்பை மாட்டிக்கொண்டேன். எங்கே போகிறோம் என்று எனக்குத் தெரியாது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனேன் என்று எழுத நினைத்தேன், உண்மையில் அவர்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு போனார். சொந்த வீட்டில் குளியலறை தெரியாத மனிதர் இரண்டு பஸ் மாறினார். இரண்டாவது பஸ் எங்கே நிற்கும், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது, எல்லாம் தெரிந்திருக்கிறது. கடைசி நிறுத்தத்தில் இறங்கினோம். சாலைக்கு எதிரே நீளமாக ஒரு மதில். மதிலுக்கு மேலே ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடி மட்டும் தெரிந்தது. வரிசையாக ஜன்னல்கள், பாதிக்குக் கண்ணாடி இல்லை.

நிறுத்தத்துக் கல்பெஞ்சுக்குப் பக்கத்தில் அப்பா என்னை நிறுத்தினார். தோளைப் பிடித்து மதில் பக்கம் திருப்பினார். "இங்கேயே நில்லு. மில்லுக்காரங்க ஜன்னல்ல பாப்பாங்க, சிரிச்சுக்கிட்டே கை ஆட்டு. அப்பத்தான் நல்ல மாவா கொடுப்பாங்க" என்றார்.

அக்கா, நான் அங்கே நின்றிருக்கிறேன். வருடத்துக்கு ஒரு முறை, என் பிறந்தநாள் வரும் வாரத்தில், புது கவுன் போட்டுக்கொண்டு அதே பெஞ்சுக்குப் பக்கத்தில். எதிர்க் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அப்பா மதிலுக்குள் போவார். எனக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம். நல்ல மாவு கிடைக்க வேண்டுமே என்று கை கடுக்கக் கடுக்க ஆட்டியிருக்கிறேன். ஒருமுறை சலிப்பு வந்து ஜன்னலைப் பார்த்து நாக்கைத் துருத்திக் காட்டினேன். அது எனக்கு அங்கே நின்றபோதுதான் ஞாபகம் வந்தது. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு பொறுமையாக, "ஆட்டு, ஆட்டு, பாத்துக்கிட்டிருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் எழுந்து ஆட்டினேன். ஐம்பதை எட்டப்போகிறவள் நடுரோட்டில் நின்று காலி ஜன்னலுக்குக் கை ஆட்டினேன். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் வினோதமாகப் பார்த்தார்கள். அந்த ஜன்னல்களில் ஒன்றில் யாரோ நகர்ந்தது போல் இருந்தது. புறாவாக இருக்கும்.

இப்போது அங்கே நோயாளிகள் யாரும் இல்லை. முன்பக்கம் நர்ஸ் படிப்பு நடக்கிறது. பின்பக்கம் பூட்டிக் கிடக்கிறது. காசு மாற்றும் ஜன்னலில் இப்போது ஜெராக்ஸ் எடுக்கிறார்கள். அப்பா நேராக அங்கே போய்ச் சட்டைப் பையிலிருந்த சில்லறையை எடுத்து நீட்டினார். ஜெராக்ஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். நல்ல மனிதர், வாங்கி எண்ணுவது போல் எண்ணி அப்படியே திருப்பிக் கொடுத்து, "போய்ட்டு வாங்க ஐயா" என்றார்.

பழைய ஏடுகளைப் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாள் இருக்கிறார். மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கத்தைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தார். அவர் தேடிக்கொண்டிருக்கும்போது நான் என் கைப்பையிலிருந்த திருகாணியைப் போட்டு அதைச் சரிசெய்து கொடுத்தேன். அதற்காகவோ என்னவோ, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். அம்மாவின் பெயர் இருந்தது. வயது இருபத்தொன்பது. அனுமதித்த நாள், நமக்கு அவள் இறந்ததாகச் சொன்ன வாரம். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் அங்கே இருந்திருக்கிறாள். எனக்குப் பதினாறு வயதில், நான் பள்ளி இறுதிப் பரீட்சை எழுதிய மாதத்தில் நிமோனியாவில் போயிருக்கிறாள். அப்பா அடுப்பில் விரிசல் என்று மூன்று நாள் கடையைத் திறக்காமல் இருந்தார், அந்த மாதம்தான். நான் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மேல்மாடி ஜன்னல்களைப் பற்றிக் கேட்டேன். அது பெண்கள் வார்டு என்றார். "ரோட்டுப் பக்கக் கட்டிலுக்கு ஞாயித்துக்கிழமையானா சண்டையே நடக்குமாம். பிள்ளைங்களை உள்ளே விட மாட்டாங்கல்ல, பஸ் ஸ்டாப்புல நிறுத்திக் காட்டிட்டுப் போவாங்க" என்றார்.

பார்வையாளர் ஏட்டை அவர்தான் திறந்து காட்டினார். தேதி, வந்தவர் பெயர், உறவு, கையெழுத்து. மாதத்துக்கு ஒரு வரி, கணவர், அப்பாவின் கையெழுத்து, மாவு கை பட்டது போல் கோணல் மாணலாக. பக்கம் பக்கமாக அது ஒன்றுதான். நடுவில் ஒரே ஒரு வரி வேறு கையெழுத்து. 'ட'வின் கீழ்க்கோட்டை வலதுபுறம் நீட்டி இழுத்து, பெயருக்கு அடியில் இரண்டு கோடு. கல்லாக் கணக்கில் நீ அப்படித்தான் எழுதுவாய். உனக்கு அப்போது பத்தொன்பது வயது. உன் கல்யாணத்துக்கு எட்டு நாள் இருந்தது. உறவு என்ற கட்டத்தில் 'தெரிந்தவர்' என்று எழுதியிருந்தாய்.

நான் அந்தச் சொல்லின்மேல் விரல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நிறையப் பேர் அப்படித்தாம்மா எழுதுவாங்க. வந்தாங்களே, அதுவே பெருசு" என்றார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. எழுதாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். என்னால் தனியாகச் சுமக்க முடியவில்லை. நீ போன அந்த வருடம் புது மருந்தில் அவளுக்கு நோய் குணமாகியிருக்கிறது. கிருமி இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதிய தாள் கோப்பில் இருக்கிறது. அதற்கு மேல் இன்னொரு தாளைக் குத்தி வைத்திருக்கிறார்கள். 'வீடு திரும்ப விருப்பமில்லை, இங்கேயே இருந்து தையல் வேலை செய்ய அனுமதிக்க வேண்டும்' என்று யாரோ எழுதிக் கொடுத்து, அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். தேதி, நீ போய் வந்ததற்கு மறுநாள்.

அவளிடம் நீ என்ன பேசினாய் என்று நான் கேட்கப்போவதில்லை. ஒருவேளை நீ ஒன்றுமே பேசியிருக்க மாட்டாய். கல்யாணப் பத்திரிகையை மட்டும் காட்டியிருப்பாய், அவளே புரிந்துகொண்டிருப்பாள். பத்தொன்பது வயது. நான் அந்த வயதில் ஒரு ஃப்ரேம் நிறத்தைக்கூடத் தனியாகத் தீர்மானித்ததில்லை. உனக்குச் சொல்ல அப்பாவைத் தவிர ஆள் இல்லை, அவருக்கு உன்னைத் தவிர ஆள் இல்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் நீ அப்படி அழுதாயே, தாய் இல்லாத பெண் அழத்தான் செய்யும் என்று எல்லோரும் தேற்றினார்கள். பதினோரு வயதில் நானும் தேற்றினேன்.

கோபம் இல்லை என்று எழுதினால் பொய். இருக்கிறது. சமைக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, திடீரென்று வந்து உன்னோடு சத்தமாகச் சண்டை போடுகிறேன். அக்கம்பக்கத்தில் எனக்கும் மறதி நோய் என்று நினைக்கப்போகிறார்கள். ஆனால் நாக்கைத் துருத்திக் காட்டியவளும் நான்தான். அதையும் நினைத்துக்கொள்கிறேன்.

பயப்படாதே. நம் பெண்ணின் சம்பந்தம் முடியும்வரை என் வாயிலிருந்து ஒரு சொல் வராது. முடிந்த பிறகும் நீ சொல்லச் சொன்னால்தான் வரும். அவளை நல்லபடியாகக் கட்டிக் கொடு. அவள் மனசுக்கு எல்லாம் நல்லதாக நடக்கும். அப்பாவை அழைத்துக்கொண்டு கல்யாணத்துக்கு வருகிறேன். எதையும் காட்டிக்கொள்ளாமல் சிரித்துக்கொண்டு நிற்பேன். அதில் நம் வீட்டில் எல்லோருக்கும் நல்ல பழக்கம்.

அதன் பிறகு நீ ஒருமுறை இங்கே வர வேண்டும். தனியாக வா. அவளுடைய குரல் எப்படி இருக்கும், சிரித்தால் பல் தெரியுமா, கை எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்ல உலகத்தில் இனி நீ ஒருத்திதான் இருக்கிறாய். அப்பாவிடம் கேட்டால் கதவைச் சாத்துகிறார்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் புதைத்த இடம் இருக்கிறது. கற்களில் எண் மட்டும் போட்டிருக்கிறார்கள். அவளுடையது முந்நூற்றுப் பதினேழு. பெயர் பொறிக்க வேண்டுமென்றால் நெருங்கிய உறவினர் இரண்டு பேர் நேரில் வந்து படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். அப்பாவின் நிலையில் அவர் கையெழுத்தை ஏற்க மாட்டார்கள். அதனால் ஒன்று என்னுடையது, இன்னொன்று உன்னுடையது. படிவத்தை வாங்கி வைத்திருக்கிறேன். அதிலும் உறவு என்று ஒரு கட்டம் இருக்கிறது. நீ ஒன்றும் யோசிக்க வேண்டாம், அக்கா. நான் முதலில் எழுதிவிடுகிறேன். நீ அதைப் பார்த்துக் கீழே எழுது, போதும்.

என்றும் உன்,
தங்கை